பல்லி, ஓணானுக்கும் மலேரியா வருமா?

வரும். ஆனால் அது மனிதருக்கு வரும் வகையல்ல. அதற்குப் பயந்து பல்லியை அடிக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவின் வேலி ஓணான்களில் பிளாஸ்மோடியம் மெக்சிகானம் என்ற மலேரியா ஒட்டுண்ணி உண்டு. அதைப் பரப்புவது கொசு அல்ல, மணல் ஈ. தொற்றிய ஓணானுக்கு ஹீமோகுளோபின் குறையும், ஓடினால் சீக்கிரம் களைக்கும், இடும் முட்டைகளும் குறையும்.

என்னை மிகவும் வியக்கவைத்தது கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவு. அங்கே அனோல் பல்லியில் இரண்டு இனங்கள். போட்டியில் வலுவான இனத்தை மலேரியா பிடித்திருக்கும் இடங்களில்தான் மற்ற இனமும் சேர்ந்து வாழ்கிறது என்று 1992இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒட்டுண்ணியால் ஓர் இனம் பிழைக்கிறது!

மலேரியா மட்டுமல்ல. பாம்புகளின் சிவப்பணுக்களில் ஹெப்பட்டோசூன் என்ற வேறொரு ஒட்டுண்ணி இருக்கும். டிரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணியின் பெயரே 1843இல் தவளை ரத்தத்தில் கண்ட உயிரிக்கு வைத்ததுதான். நீரில் வாழும் தவளைகளுக்கு அதை அட்டைகள் கடத்துகின்றன.