மாதா விஷயத்தில் சபைகள் எங்கே பிரிகின்றன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பெண் மருமகளாக வரப்போகிறாள். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). 'மாதாவைக் கும்பிடுகிறவர்கள் வீட்டில் சம்பந்தமா?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கத்தோலிக்கர்கள் மரியாளைத் தெய்வமாக வழிபடுகிறார்களா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. கத்தோலிக்கப் போதனைப்படி ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்குச் செலுத்துவது வணக்கம். மரியாவுக்கும் அதே வணக்கம்தான், மற்றப் புனிதர்களைவிட மேலான நிலையில். படங்களையும் சுரூபங்களையும் பற்றிய சண்டை முற்றியபோது, 787-ல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று எழுதிவைத்தது. அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே, அரேபியாவில் சில பெண்கள் மரியாவின் பெயரில் அப்பம் படைத்து வழிபடுவதாகக் கேள்விப்பட்ட சைப்ரஸ் ஆயர் எபிபானியு, மரியாவை மதியுங்கள், ஆனால் ஆராதனை ஆண்டவருக்கே என்று கண்டித்து எழுதினார்.

ஏட்டில் இருப்பது இருக்கட்டும், ஜெபத்தில் எப்படி என்று கேட்பீர்கள். அதையும் எளிதாகச் சோதிக்கலாம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை முடிந்ததும் சொல்லும் மாதா பிரார்த்தனையைக் கவனித்துக் கேளுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியை அழைக்கும்போது 'எங்கள்மேல் இரக்கமாயிரும்' என்று வரும். மரியாவின் பெயர் தொடங்கியதும் பதில் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மாறிவிடும். இரக்கம் கடவுளிடம், பரிந்துரை மரியாவிடம். இந்த எல்லையைக் கத்தோலிக்க வழிபாட்டு நூல்கள் தாண்டுவதில்லை.

மக்கள் பழக்கத்தில் அது தாண்டப்படுவது உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. 'நேர்ச்சையை மறந்தால் மாதா தண்டிப்பாள்' என்ற பயமும், 'மகன் தராததைத் தாய் வாங்கித் தருவாள்' என்ற எண்ணமும் கத்தோலிக்கப் போதனைக்கே எதிரானவை. முதலாவது மரியாவைத் தண்டிக்கும் தெய்வமாக்குகிறது. இரண்டாவது கிறிஸ்துவை மனமிரங்காதவராக்குகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டின் எட்டாம் அதிகாரம், மிகைப்படுத்துவதையும் குறுகிய மனத்தோடு குறைப்பதையும் சேர்த்தே எச்சரிக்கிறது.

உங்கள் சபையின் உண்மையான ஆட்சேபணை வேறு இடத்தில் இருக்கிறது: இறந்துபோன பரிசுத்தவான்களிடம் 'எனக்காக வேண்டிக்கொள்ளும்' என்று கேட்க வேதத்தில் கட்டளையும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. லூத்தரன் சபைகளின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 21-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பரிசுத்தவான்களை நினைவுகூரலாம், அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றலாம். உதவிக்கு அழைக்க வேதம் போதிக்கவில்லை, மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). கத்தோலிக்கர் தரும் பதில்: உயிரோடிருக்கும் சகோதரனிடம் 'எனக்காக ஜெபியுங்கள்' என்று கேட்பது அந்த ஒரே மத்தியஸ்தத்துக்குக் குறைவு இல்லையென்றால், கிறிஸ்துவோடு வாழ்கிறவர்களிடம் கேட்பதும் குறைவில்லை. ஆகவே இரு வீட்டாரும் பேசவேண்டியது, மரித்தவர்களுக்கும் நமக்கும் இடையிலான உறவைப் பற்றி. சிலை வழிபாடு என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: படைத்தவரைப் படைப்பு எப்படிப் பெறமுடியும்? 'இறைவனின் தாய்' என்பதே முரண்பாடு அல்லவா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கான்ஸ்டான்டிநோபிளின் பிதாப்பிதா (தலைமை ஆயர்) நெஸ்தோரியு 428-ல் பதவிக்கு வந்த கையோடு எழுப்பிய தடை ஏறக்குறைய இதுதான். 'கிறிஸ்துவின் தாய்' என்று சொன்னால் போதும் என்றார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் விடவில்லை. தாய் பெறுவது ஓர் ஆளை. அந்த ஆளின் உடலை மட்டும் அல்லது இயல்பை மட்டும் எந்தத் தாயும் பெறுவதில்லை. மரியாவிடம் பிறந்தவர் யார் என்று கேட்டால் 'மனிதரான இறைமகன்' என்பதே பதில் என்றால், அவள் இறைவனின் தாய். 'இல்லை, கிறிஸ்துவுக்கு மட்டும்தான் தாய்' என்றால், கிறிஸ்துவுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாக ஆகிவிடும். மரியாவிடமிருந்து தெய்வத்தன்மை தோன்றியது என்று சிரிலும் சொல்லவில்லை, எபேசு சங்கமும் சொல்லவில்லை.

431 ஜூன் 22-ல் எபேசு நகரில், அந்தியோக்கியாவின் ஆயர்கள் வந்து சேரும் முன்பே, சிரில் சங்கத்தைத் தொடங்கி நெஸ்தோரியுவைப் பதவிநீக்கம் செய்தார். பின்னால் வந்தவர்கள் தனியாகக் கூடி சிரிலையே நீக்கினார்கள். 433-ல்தான் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டு வாசகத்துக்கு வந்தன. 'இறைவனின் தாய்' அதில் நிலைத்தது. சிரிலின் கோட்பாடு சரி என்று ஏற்கிறவர்களும், அவர் அவசரப்பட்ட விதத்தை நியாயப்படுத்தவேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் பட்டத்தை ஏற்பவர்கள் கத்தோலிக்கர், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், 451-ன் கல்கெதோன் சங்கத்தை ஏற்காத காப்டிக், அர்மேனிய, சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகள். லூத்தரன் சபைகளின் 1577-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையும் மரியாளை இறைவனின் தாய் என்றே அழைக்கிறது. இதைப் 'போப்பு மார்க்கத்துப் பட்டம்' என்று ஒதுக்கும் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையார் தங்கள் பழைய ஏடுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

'கிறிஸ்துவின் தாய்' என்றே சொல்லிவருவது அசீரியக் கிழக்குத் திருச்சபை. திருச்சூரில் உள்ள கல்தேய சிரியன் சபை அதைச் சேர்ந்தது. அவர்களுடைய பேராலயத்தின் பெயரே மர்த் மரியம், அதாவது மரியம் அம்மையார். பட்டத்தை மறுத்தார்களே தவிர மரியாதையை மறுக்கவில்லை. 1994 நவம்பர் 11-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அந்தச் சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டு, இரண்டு பட்டங்களும் ஒரே விசுவாசத்தைச் சொல்கின்றன என்று ஏற்றுக்கொண்டார்கள். 1500 ஆண்டுக்கும் மேலான வழக்கில் இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம்.

கேள்வி: மாற்கு 6:3-ல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று இயேசுவின் சகோதரர்கள் பெயரே இருக்கிறதே. பிறகு எப்படி 'எப்போதும் கன்னி'?
– வாசகர், மதுரை

பதில்: பழங்காலத்திலேயே மூன்று பதில்கள் இருந்தன. இவர்கள் யோசேப்பின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் என்பது ஒன்று. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, விவிலியத்தில் சேராத ஒரு யாக்கோபு நூல் இப்படிச் சொல்கிறது. எபிபானியு இதை ஏற்றார், ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் இதையே பின்பற்றுகின்றன. இவர்கள் பெரியம்மா, சித்தி வழிப் பிள்ளைகள் என்பது 383-ஐ ஒட்டி எரோணிமுஸ் எழுதிய பதில். கத்தோலிக்கரிடம் பரவலானது இதுதான். இவர்கள் மரியாளுக்கும் யோசேப்புக்கும் பின்னர் பிறந்தவர்கள் என்று வாதிட்டவர் ஹெல்விதியு. அவரை மறுக்கத்தான் எரோணிமுஸ் எழுதினார். இன்றைய சீர்திருத்தச் சபையாரிலும் பெந்தெகொஸ்தேக்காரரிலும் பெரும்பாலோர் ஹெல்விதியுவின் பக்கம்.

வசனங்களை வைத்து வாதிடுவோர் இரு பக்கமும் ஒரு தவறு செய்கிறார்கள். மத்தேயு 1:25-ல் 'பெறும்வரை அவளை அறியவில்லை' என்று இருப்பதால் பிறகு அறிந்தார் என்று முடிவுகட்ட முடியாது. சாகும்வரை மீகாளுக்குப் பிள்ளை இல்லை என்று 2 சாமுவேல் 6:23 சொல்வதால் செத்தபின் பெற்றாள் என்று ஆகாதல்லவா? அதேபோல் சகோதரர் என்றால் உறவினர்தான் என்று கத்தோலிக்கர் அடித்துச் சொல்லவும் முடியாது. கொலோசெயர் 4:10-ல் மாற்குவைப் பர்னபாவின் உறவினர் என்று குறிக்கப் பவுல் தனிச் சொல்லையே வைத்திருக்கிறார். சிலுவையில் இயேசு தாயைச் சீடரிடம் ஒப்படைத்தது (யோவான் 19:26-27) வேறு மகன்கள் இல்லாததற்கு வலுவான குறிப்பு. முழு நிரூபணம் என்று சொல்லமாட்டோம். மரபை எவ்வளவு ஏற்கிறோம் என்பதே இதில் முடிவைத் தீர்மானிக்கிறது. சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்ளியும் அந்த மரபை ஏற்று, மரியா எப்போதும் கன்னி என்றே நம்பினார்கள்.

கேள்வி: அமல உற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் கருவானதுதானே?
– வாசகி, சிவகங்கை

பதில்: பலரும் இப்படியே நினைக்கிறார்கள். அது மரியா தம் தாய் அன்னாளின் வயிற்றில் கருவானதைப் பற்றியது. பெற்றோர் வழியாகச் சாதாரணமாகக் கருவானபோதும், கிறிஸ்துவின் பலன்களை முன்னிட்டு ஜென்மப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்று 1854 டிசம்பர் 8-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அறிவித்தார். டிசம்பர் 8-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிப் பெருவிழாவும் அன்றுதான். ஆர்த்தடாக்ஸ் சபைகள் மரியாவை முற்றிலும் பரிசுத்தமானவர் என்று பாடினாலும் இந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் பலவீனமும், குற்றம் அல்ல என்பது அவர்கள் போதனை. எனவே மரியாவுக்குத் தனி விலக்கு தேவைப்படுவதில்லை.

கேள்வி: ஆகஸ்ட் 15-ல் எல்லாச் சபைகளும் ஒரே விழாவையா கொண்டாடுகின்றன?
– வாசகர், புதுச்சேரி

பதில்: மரியாவின் வாழ்வு முடிந்து அவர் மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரே நிகழ்வைத்தான் நினைவுகூர்கின்றன, அழுத்தம் மாறுகிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இது மாதாவின் துயில். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை நோன்பு. மரியா இறந்து, பின் மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று பாடுகிறார்கள். பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்யத் திருச்சபைக்கு நம் கணக்கில் ஆகஸ்ட் 28. கத்தோலிக்கரில் 1950 நவம்பர் 1-ல் பன்னிரண்டாம் பயஸ் விண்ணேற்பை விசுவாசக் கோட்பாடாக்கினார். 'மண்ணக வாழ்வை முடித்தபின்' ஆன்மாவோடும் உடலோடும் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதே வாசகம். மரித்தாரா இல்லையா என்று வேண்டுமென்றே தீர்க்காமல் விட்டார். சீர்திருத்தச் சபையார் விவிலியத்தில் இது இல்லை என்பதால் கோட்பாடாக ஏற்பதில்லை.

கேள்வி: மரியாவை 'இணை மீட்பர்' என்று சொல்லலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. திருத்தந்தை பதினான்காம் லியோவின் ஒப்புதலுடன் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2025 நவம்பர் 4-ல் வெளியிட்ட குறிப்பு, இந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவது எப்போதும் பொருத்தமற்றது என்கிறது. கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பதை இது மங்கச் செய்கிறது என்பதே காரணம். நவநாள் புத்தகங்களிலும் பாடல் ஏடுகளிலும் இந்தச் சொல் இருந்தால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மனைவி கத்தோலிக்கர், நான் லூத்தரன். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது நான் எழுந்து போய்விடவேண்டுமா?
– வாசகர், தரங்கம்பாடி

பதில்: போகவேண்டியதில்லை. ஜெபமாலையில் 53 முறை 'அருள் நிறைந்த மரியே', 6 முறை கர்த்தர் கற்பித்த ஜெபம் (கத்தோலிக்கர் சொல்வது பரலோக மந்திரம்). தொடக்கத்தில் விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த. அதன்பின் ஐந்து பத்துமணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைபொருள், அதாவது இயேசு, மரியா வாழ்விலிருந்து தியானிக்கும் ஒரு நிகழ்ச்சி. விசுவாசப் பிரமாணம், கர்த்தரின் ஜெபம், திரித்துவப் புகழ் மூன்றும் உங்கள் ஆராதனையிலும் உண்டு. உரக்கச் சேர்ந்து சொல்லுங்கள். 'அருள் நிறைந்த' ஜெபத்தின் முதல் பாதி லூக்கா 1:28-ல் கபிரியேல் சொன்னதும் 1:42-ல் எலிசபெத் சொன்னதும். இரண்டாம் பாதிதான் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பது. சொல்ல மனச்சாட்சி இடம் தராவிட்டால் அந்த இடத்தில் மௌனமாக இருங்கள். முதல் பாதியும் மரியாளைப் பார்த்துச் சொல்வதுதானே என்று தயங்கினால் அதையும் விட்டுவிட்டு மறைபொருளைத் தியானியுங்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒன்று: அவசரமாக ஒப்பித்தால் ஜெபமாலை பாழாகிவிடும். தியானம் இல்லாத ஜெபமாலை உயிரற்ற உடல் என்ற கருத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-லேயே எழுதினார். ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்பு அதற்குரிய நற்செய்திப் பகுதியை நீங்கள் வாசியுங்கள், பிறகு ஒரு நிமிடம் அமைதி. திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள்கள், செவ்வாய், வெள்ளி துயர மறைபொருள்கள், வியாழன் 2002-ல் சேர்த்த ஒளியின் மறைபொருள்கள். இவை பதினைந்தும் நற்செய்தியிலிருந்து வருபவை. புதன், ஞாயிறு வரும் மகிமை மறைபொருள்களில் உயிர்ப்பு, விண்ணேற்றம், பரிசுத்த ஆவியின் வருகை வரை சிக்கல் இல்லை. கடைசி இரண்டான மாதாவின் விண்ணேற்பிலும் முடிசூட்டலிலும் மட்டும் வாசிப்பை மனைவியிடம் விட்டுவிட்டு உடன் உட்கார்ந்திருங்கள்.