கல்யாண நாளுக்குப் பக்கத்துத் தெரு செட் மெனு உணவகம் போதுமா?

கல்யாண நாளன்று மனைவியைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போகாமல், வீட்டுப் பக்கத்தில் இருக்கும் செட் மெனு உணவகத்துக்குக் கூட்டிப் போனால் கஞ்சத்தனமாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. தாராளமாகப் போங்கள். நாங்களும் அப்படித்தான் போகிறோம். செட் மெனு என்றால், மொத்தச் சாப்பாட்டுக்கும் ஒரே விலை; சின்னப் பட்டியலிலிருந்து நாம் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு தட்டாக அடுத்தடுத்து வரும்.

பெரிய இடத்தில் மெனுவைப் பிரித்ததும் என் மனைவியின் கண் முதலில் வலது ஓரத்து விலைக்குத்தான் போகும். பிடித்ததன் மேல் விரல் நிற்கும், அப்புறம் மெல்ல இரண்டு வரி கீழே இறங்கிவிடும். அவள் கேட்டதைவிட விலை கூடியதைக் கேட்க எனக்கும் மனசு வராது. இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இருவருமே ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் எழுந்து வருவோம். செட் மெனுவில் அந்தக் கணக்கே கிடையாது. எதைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விலை. “நீ அதைச் சொல்லு, நான் இதைச் சொல்றேன், பாதிப் பாதி” என்று அவளே ஆரம்பித்துவிடுவாள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது நடுவில் வரும் காத்திருப்பு. முதல் தட்டை எடுத்துப் போனபின் அடுத்தது வரும்வரை மேசையில் இரண்டு டம்ளர்களைத் தவிர ஒன்றும் இருக்காது. முதல் இடைவெளியில் பிள்ளையின் பள்ளி, வீட்டுக் கடன் எல்லாம் பேசித் தீர்ந்துவிடும். இரண்டாவது இடைவெளியில்தான் கல்யாணமான புதிதில் பேசியதுபோல் பேச்சு வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து பரப்பும் இடங்களில் இது எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

விலை குறைவு என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். நாலைந்து உணவுவகை மட்டும் என்றால், அன்றன்றைக்குத் தேவையானதை அளந்து வாங்கலாம், வீணாவது குறையும். அந்த மிச்சம்தான் விலையில் தெரிகிறது. முறையும் பழையதுதான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் விடுதிகளில் பொது மேசை, குறித்த நேரம், ஒரே விலை, வைத்ததைச் சாப்பிட வேண்டும். தனி மேசையும் நாமே தேர்ந்தெடுக்கும் பட்டியலும் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே உணவகங்கள் தோன்றியபோது வந்தவை. இன்றைய செட் மெனுவில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

சரி, முன்பதிவு செய்யும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பானங்களும் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் அந்த விலையில் சேராது. சில உணவுவகைகளுக்குக் கூடுதல் தொகை என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒவ்வாத பொருள் ஏதாவது இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். சமையலறையில் மாற்றுவதற்குக் கையிருப்பு அதிகம் இருக்காது. இரவில் இரண்டு பந்தி நடத்தும் இடமென்றால் இரண்டாவதைக் கேளுங்கள். முதல் பந்தியில் இனிப்பு வரும்போதே அடுத்தவர்களுக்காக மேசையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முடிந்தால் வார நாளாகப் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், அவசரப்படுத்த மாட்டார்கள்.

கல்யாண நாள் என்று தயங்காமல் சொல்லுங்கள், நல்ல மூலை மேசையாகப் பார்த்துத் தருவார்கள். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டிப் பாடுவது உங்கள் மனைவிக்குப் பிடிக்காதென்றால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.