'ஆல்' முன்னால், 'நாட்' பின்னால்: பையர் ஏன் பதறினார்?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகியின் கேள்வி இது: "240 பெட்டிகளில் 60 மட்டும் கப்பலேறவில்லை. 'ஆல் த கார்ட்டன்ஸ் ஹாவ் நாட் பீன் ஷிப்ட்' என்று பையருக்கு மெயில் போட்டேன். ஒரு பெட்டிகூடப் போகவில்லை என்று நினைத்து அவர் பதறிவிட்டார். நான் எழுதியதில் என்ன தப்பு?"

இலக்கணத்தில் தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம்: சில பெட்டிகள் போகவில்லை என்றும், எதுவுமே போகவில்லை என்றும். நேரில் பேசும்போது 'ஆல்' என்பதை அழுத்திச் சொன்னால் முதல் பொருள் விளங்கிவிடும். மெயிலில் குரல் கிடையாது.

இப்படி எழுத நமக்குக் கை போவதற்குக் காரணம் உண்டு. தமிழில் மறுப்பு வினையோடு சேர்ந்து கடைசியில்தான் வரும்: போகவில்லை, வரமாட்டார், கிடையாது. ஆங்கிலத்திலோ வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே மறுப்பை வைத்துவிடலாம். சில பெட்டிகள் மட்டும் போகவில்லை என்றால் 'நாட் ஆல் த கார்ட்டன்ஸ் ஹாவ் பீன் ஷிப்ட்'. ஒன்றுகூடப் போகவில்லை என்றால் 'நன் ஆஃப் த கார்ட்டன்ஸ் ஹாவ் பீன் ஷிப்ட்'. உங்கள் மெயிலுக்கு இவற்றைவிட நல்லது, எண்ணையே எழுதிவிடுவது: 'சிக்ஸ்டி ஆஃப் த 240 கார்ட்டன்ஸ் ஹாவ் நாட் பீன் ஷிப்ட்'. சரக்குக்காகக் காத்திருப்பவருக்கு வேண்டியதும் அந்த எண்தான்.

'ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்' என்ற பழமொழி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதன் பொருள் எல்லோருக்கும் முன்பே தெரியும், அதனால் குழப்பமில்லை. உங்கள் சரக்கு நிலவரம் பையருக்கு முன்பே தெரியாதே.

'எவ்ரி' வந்தாலும் இதே கதைதான். 'போத்' இன்னும் மோசம். 'இரண்டு பில்லும் சரியில்லை' என்பதை அப்படியே 'போத் த இன்வாய்ஸஸ் ஆர் நாட் கரெக்ட்' என்று எழுதுகிறோம். ஒன்று சரி, ஒன்று தப்பு என்று படிக்கவும் அதில் இடமிருக்கிறது. 'நைதர் இன்வாய்ஸ் இஸ் கரெக்ட்' என்று எழுதுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் விஷயத்தில் இது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். 'வி டிட் நாட் கேன்சல் த ஆர்டர் பிகாஸ் ஆஃப் த டிலே.' ஆர்டர் ரத்தானதா இல்லையா? ரத்து செய்தோம், காரணம் தாமதம் அல்ல என்றும் படிக்கலாம். தாமதமானதால்தான் ரத்து செய்யாமல் விட்டோம் என்றும் படிக்கலாம். முதல் பொருள்தான் என்றால் 'வி கேன்சல்ட் த ஆர்டர், பட் நாட் பிகாஸ் ஆஃப் த டிலே' என்று எழுதுங்கள். இரண்டாவது என்றால் காரணத்தை முன்னால் வையுங்கள்: 'பிகாஸ் ஆஃப் த டிலே, வி டிட் நாட் கேன்சல் த ஆர்டர்.'