வாசகியர் கேள்வி பதில்: ஸ்மூத்தனிங் இப்போது செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் பள்ளிக்குச் செல்கிறாள். இளையவன் ஆறு மாதக் குழந்தை, தாய்ப்பால் குடிக்கிறான். விடுப்பு முடிந்து மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறேன். என் முடி அடர்த்தியானது, எண்ணெய் தடவினாலும் படியாமல் சுருண்டு பறப்பது. காலையில் அதைச் சிக்கெடுத்து வாரி முடிப்பதற்குள் மற்ற வேலைகள் தேங்கிவிடுகின்றன. பியூட்டி பார்லரில் ‘கெமிக்கலே இல்லாத கெரட்டின் ஸ்மூத்தனிங்’ செய்தால் பல மாதங்களுக்குக் கவலையில்லை என்கிறார்கள். ஆனால், சில வாரங்களாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. ஸ்மூத்தனிங் செய்தால் அது நிற்குமா? இப்போது செய்துகொள்ளலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, காலையில் சில நிமிடங்கள் மிச்சமாவதும் உங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அறிந்தே சொல்கிறேன்: இப்போது வேண்டாம், இன்னும் சில மாதங்கள் பொறுங்கள்.

முதலில் முடி கொட்டுவதைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவு உயர்ந்திருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் தங்கிவிடுகின்றன. பிரசவத்துக்குப் பின் அந்த அளவு இறங்கியதும் அவை ஒருசேர ஓய்வு நிலைக்குச் சென்று, இரண்டு முதல் நான்கு மாதங்களில் உதிரத் தொடங்குகின்றன. பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாளையொட்டிப் பழைய அடர்த்தி திரும்பிவிடும். ஸ்மூத்தனிங் இதை நிறுத்தாது. அது வெளியே வளர்ந்துவிட்ட முடியின் வடிவத்தை மாற்றும் வேலையே தவிர, மயிர்க்காலுக்குள் நடப்பதற்கான மருத்துவம் அன்று. இப்போது செய்துகொண்டால், உதிர்ந்த இடங்களில் புதிதாக முளைக்கும் குட்டை முடிகள் நெற்றியோரத்தில் சுருளாகவே எழுந்து நிற்கும். நீங்கள் செலவழித்த பணத்துக்குரிய பலன் பாதிகூடக் கிடைக்காது. ஓராண்டுக்குப் பிறகும் உதிர்வது குறையாவிட்டால், பார்லருக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் சென்று இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

‘கெமிக்கலே இல்லாதது’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். வேதிப்பொருள் இல்லாமல் முடியை மாதக்கணக்கில் நேராக நிறுத்த இயலாது. முடிக்கு உறுதி தருபவை அதன் கெரட்டின் புரதத்திலுள்ள டைசல்ஃபைடு பிணைப்புகள். ரீபாண்டிங் செய்யும்போது தயோகிளைக்காலேட் போன்ற பொருளால் அவற்றை உடைத்து, முடியை நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் மீண்டும் இணைக்கிறார்கள். மருந்து பட்ட நீளம் வரை மாற்றம் நிரந்தரமானது. கெரட்டின் ஸ்மூத்தனிங் வேறு வகையானது. அதில் பூசும் கலவையை ஏறக்குறைய 200 முதல் 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் அயர்ன் செய்து முடியோடு பிணைக்கிறார்கள். தலைக்குக் குளிக்கக் குளிக்கக் குறைந்து மூன்று முதல் ஐந்து மாதங்களில் பெரும்பாலும் போய்விடும். பெயரில் கெரட்டின் இருந்தாலும், இத்தகைய கலவைகள் பலவற்றில் முடியை நேராகப் பிடித்துவைப்பது ஃபார்மால்டிஹைடுதான். 2004-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது இதையே. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று அச்சிட்ட புட்டிகளிலும் அது இருப்பதாக 2011-இல் அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் எச்சரித்தது. மெத்திலீன் கிளைக்கால், ஃபார்மலின் என்ற பெயர்களில் எழுதப்பட்டிருந்தாலும், சூடுபடுத்தியதும் வெளிவருவது அதே ஆவிதான். கண் எரிச்சல், தொண்டைக் கமறல், இருமல் ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய இடம் அதுவன்று. பால் கொடுக்கும் காலம் முடியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது என்று நான் கருதுகிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்தையும் தீங்கற்றது என்று எண்ணிவிட முடியவில்லை. 26 வயதுப் பெண் ஒருவருக்கு, இந்த அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிய மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று பதிவு செய்தது. உச்சந்தலை வழியே உடலுக்குள் சென்ற அமிலம் ஆக்சலேட் என்ற உப்பாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்திருக்கும் என்பது மருத்துவர்களின் விளக்கம். எல்லோருக்கும் இப்படி நேரும் என்று பொருளில்லை. ஆனால், உச்சந்தலை எரிந்தால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற சமாதானத்தை ஏற்காமல் உடனே கழுவச் சொல்லுங்கள். பிறகு வாந்தியோ, காய்ச்சலோ, முதுகு வலியோ வந்தால், ஸ்மூத்தனிங் செய்துகொண்டதை மருத்துவரிடம் மறவாமல் தெரிவியுங்கள்.

குழந்தை சற்று வளர்ந்து, முடி உதிர்வதும் அடங்கிய பிறகு செய்துகொள்ள விரும்பினால், முன்னதாகவே ஒருநாள் பார்லருக்குப் போய்ப் புட்டியைக் கேட்டு வாங்கி, உள்ளடக்கப் பட்டியலை வாசியுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் தலையைக் கொடுக்க வேண்டாம். சன்னல் திறந்த, காற்றோட்டமான அறையா என்று பாருங்கள். அங்கே நாள் முழுவதும் அதே ஆவியைச் சுவாசித்து வேலை செய்யும் பெண்களின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. அடர்த்தியான முடிக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், அன்று குழந்தைகளை யாரிடம் விடுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சில வகைகளில் அடுத்த இரண்டு, மூன்று நாள்களுக்குத் தலையை நனைக்கவோ, முடியைக் கட்டவோ, காதுக்குப் பின்னால் ஒதுக்கவோ கூடாது. கைக்கெட்டியதையெல்லாம் பிடித்து இழுக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இது எளிதன்று. அன்றே கழுவிவிடக்கூடிய வகை உண்டா என்று கேளுங்கள்.

இப்போதைக்கு, காலை வேலையை இரவுக்கு மாற்றிப் பாருங்கள். நனைந்த முடியில் தளர்ந்துபோகும் ஹைட்ரஜன் பிணைப்புகள், காயும்போது முடி இருக்கும் வடிவத்திலேயே மீண்டும் அமைகின்றன. எனவே, இரவில் கண்டிஷனர் பூசி, அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து அலசி, முக்கால் பங்கு உலர்ந்ததும் தளர்வாகப் பின்னிவிட்டால், காலையில் கையால் கோதினாலே ஓரளவு படியும். துவாலையால் அழுத்தித் துவட்டாமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நீளத்தைத் தோள்பட்டை அளவுக்குக் குறைத்துக்கொள்ள மனம் ஒப்பினால், அதுவே நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும்.

கேள்வி: ரீபாண்டிங் செய்து ஆறு மாதம் ஆகிறது. வேர்ப்பகுதி சுருண்டும் மற்றது நேராகவும் இருக்கிறது. முழு நீளத்துக்கும் மறுபடி செய்ய வேண்டும் என்று பார்லரில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியன்று. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், உங்களுக்குப் புதிதாக வந்திருப்பது ஆறு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். செய்வதானால் அந்தப் பகுதிக்கு மட்டுமே மருந்து பூச வேண்டும். ஏற்கெனவே பிணைப்புகள் உடைந்து சேர்ந்த முடியில் மறுபடி அதே மருந்து பட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒடிந்துவிடும். இடையில் ஹேர் டையோ, கடையில் வாங்கிய மருதாணிப் பொடியோ போட்டிருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள். சில பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். பெராக்சைடு பட்டால் அவை சூடேறி முடியைக் கெடுத்துவிடும். முதலில் ஒரு சிறு கற்றையில் மட்டும் பூசிச் சோதிக்கும்படி கேளுங்கள்.