யாரைக் கேட்டு எழுதினார்கள்?

அன்பின் ஐயா,
நான் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள நெடுந்தீவில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறேன். ஆய்வு நூல்களில் தீவார் என்றால் வெளித்தொடர்பு அற்றவர்கள், பழமை மாறாதவர்கள். எங்கள் வீட்டார் ஒருவரையும் அவற்றில் காணவில்லை. தீவைப் பற்றித் தீவார்தான் எழுத வேண்டுமா?
— ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த நூல்களை ஒதுக்காதீர்கள். அவற்றில் யாருடைய குரல் கேட்கிறது என்று பார்த்துப் படியுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்தார். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தார்கள். 1707இல் அது சட்டமாயிற்று. 1806இல் ஆங்கிலேயரும் உறுதிப்படுத்தினர். வள்ளம் வலித்தவனையோ சீதனத்தோடு வந்த பெண்ணையோ கேட்டுத் தொகுத்த நூல் அல்ல அது. அதன் வழிவந்த சட்டப்படி, மணமான பெண் தன் காணியை விற்க இன்றும் கணவனின் சம்மதம் வேண்டும். பன்னிரண்டு ஆண்கள் 'இதுதான் எங்கள் வழக்கம்' என்று ஏற்றுக்கொண்டது, முந்நூறு ஆண்டுகளாகப் பெண்களைக் கட்டிவைத்திருக்கிறது!

பின்னர் வந்த மானிடவியலாளர்களும் பெரும்பாலும் வேளாளரையே நடுவில் வைத்தார்கள். பிரையன் பஃபன்பர்கரின் 1982ஆம் ஆண்டு நூல் வேளாளர் மேலாதிக்கத்தின் சமய அடித்தளத்தை ஆராய்கிறது. அதை அறிய அந்த நூல் உதவும். நெடுந்தீவை அறிய உதவாது.

தொடர்பற்ற தீவு என்பதை நான் அறவே ஏற்கமாட்டேன். அயல் தீவுகளான புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்துப் பிழைத்தவர்கள். 1990க்குப் பின் போர் தீவகத்தை வெறுமையாக்கியது. இன்று ஊர்க் கோயில் திருவிழாவுக்கு ரொறொன்ரோவிலும் பரிஸிலும் பணம் சேர்க்கிறார்கள். குறிகட்டுவான் துறையில் படகேறி, தீவில் எஞ்சியிருப்போரை மட்டும் கண்டு திரும்பும் ஆய்வாளர் ஊரில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை.

தீவார் மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை. ஊரில் பிறந்தவருக்கும் தன் ஒழுங்கைக்கு அப்பால் தெரியாமல் போகலாம். அம்மம்மாவிடம் தொடங்குங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்றிருந்தது, கோயிலில் யார் எதுவரை போகலாம் என்றிருந்தது என்று கேளுங்கள். அள்ளியவர் ஒன்று சொல்வார், தடுக்கப்பட்டவர் வேறொன்று சொல்வார். இரண்டும் உங்கள் ஆய்வேட்டில் இருக்கட்டும். கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள்.