சோமு ஏன் சாப்பிடவில்லை?

அன்புள்ள அக்கா,

வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை சோமுவுக்கு ஏழு வயது. ஆரஞ்சு நிறம், தெருவிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டவன். ரொம்ப நாளாக அவனுக்கு வாய் நாற்றம், எச்சில் ஒழுகல். பசியோடு ஓடி வருவான், ஒரு வாய் வைத்ததும் கத்திவிட்டு ஓடிவிடுவான். ஊசி போட்டால் கொஞ்ச நாள் சரியாகும், அப்புறம் பழையபடி. கடைசியில் டாக்டர் இது ஸ்டொமாடைடிஸ், அதாவது வாய்க்குள் ஈறெல்லாம் வெந்து புண்ணாகும் நோய் என்று சொல்லி, கோரைப்பற்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டோம்.

இன்று ஞாயிறு. வந்ததிலிருந்து பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பால் சாதம் வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். வலிக்குக் கொடுத்த சொட்டு மருந்தை வாயில் விட்டால் நுரை நுரையாகக் கக்குகிறான். பார்க்கப் பாவமாக இருந்ததால் நேற்றோடு நிறுத்திவிட்டேன். "பல்லைப் பிடுங்கிவிட்டால் அந்த ஜீவன் எதை வைத்துச் சாப்பிடும்? உன் மேல் இருக்கிற கோபத்தில்தான் பட்டினி கிடக்கிறது" என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவன் என்னை மன்னிப்பானா?

ர.
தாம்பரம்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி எழுதிப் போட்டேன். வலி மருந்தை நிறுத்திவிட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள், நாளை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம் என்று. மாலையே தூக்கிக்கொண்டு போனீர்கள். வலிக்கு ஊசியும் தோலுக்கடியில் சலைனும் போட்டார்கள். ராத்திரி அவனாகவே வெளியே வந்து, மீன் வேகவைத்த தண்ணீரை நக்கிக் குடித்தான் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிப்புக்கு ஊசி கிடையாது, வலிக்கு இருக்கிறது. உங்கள் கேள்விக்கு சோமுவே பதில் சொல்லிவிட்டான். ஆனாலும் இதே மாதிரிக் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. அதனால் உங்கள் அனுமதியோடு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சோற்றின் மேல் கோபத்தைக் காட்டுவது நம் வீடுகளில் வழிவழியாக வருவது. ஒருவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டால் இன்னொருவர் போய்க் கெஞ்ச வேண்டும். அதனால் பூனை தட்டை விட்டு நகர்ந்தாலும் நம் மனம் அதே கணக்கைத்தான் போடுகிறது. பூனைக்கு இந்த வித்தை தெரியாது. அது சாப்பிடாமல் இருந்தால் வலிக்கிறது, அல்லது குமட்டுகிறது, அல்லது வாசனை எட்டவில்லை, அல்லது பயந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வந்த பூனையிடம் இந்த நான்கும் ஒன்றாகவே இருக்கலாம். "கோவித்துக்கொண்டிருக்கிறான்" என்று முடிவு கட்டிவிட்டால் நாம் தள்ளியே நின்றுவிடுவோம். "தானாகச் சரியாகட்டும்" என்று விடும் அந்த நேரம்தான் ஆபத்து.

ஏன் என்றால், பூனையின் ஈரல் பட்டினியைத் தாங்காது. நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். பூனை சாப்பிடுவதை நிறுத்தினால் உடம்பில் உள்ள கொழுப்பு கிளம்பி ஈரலில் வந்து குவிகிறது, ஈரலால் அதைச் செலவழிக்க முடிவதில்லை. சில நாள் பட்டினியே இதற்குப் போதும். குண்டான பூனைக்கு அபாயம் இன்னும் அதிகம். காது மடலின் உள்பக்கமும் ஈறும் மஞ்சளாகத் தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு மறுநாள் கொஞ்சமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். முழு நாள் ஒன்றுமே இறங்கவில்லை என்றால் டாக்டருக்கு போன் போட வேண்டும்.

சரி, வலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பூனை முனகாது. வலியிலும் கர்ர் கர்ர் என்று உறுமும், அதைக் கேட்டுச் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கனடாவில் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2019இல் பூனையின் முகத்தை வைத்தே வலியைக் கணக்கிட ஒரு முறையை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்தை மட்டும் பார்க்கிறார்கள். வலி இருந்தால் காதுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்பக்கம் திரும்பும். கண் இடுங்கும். முகவாய் இறுகும். மீசை தளர்ந்து வளையாமல் விறைத்து முன்னால் நிற்கும். தலை தோள்மட்டத்துக்குக் கீழே தொங்கும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 10க்கு 4 வந்தாலே வலி மருந்து தேவை என்று வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் நாம் மதிப்பெண் போட வேண்டியதில்லை, அந்த ஐந்து இடத்தையும் பார்க்கக் கண் பழகினால் போதும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் சோமு கால்களை உள்ளே மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு இருந்தான். கோபத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

எங்கள் கறுப்பிக்கும் இப்படித்தான் பற்களை எடுத்தார்கள். பசியோடு கிண்ணத்துக்கு வருவாள், ஒரு தரம் நக்குவாள், உடனே தலையைப் படக்கென்று உதறுவாள். இளஞ்சிவப்பாக எச்சில் ஒரு நூலாக நீண்டு ஃப்ரிட்ஜ் கதவில் போய் ஒட்டும். அப்புறம் ஓரடி பின்வாங்கி, கடித்த நாயைப் பார்ப்பது போலக் கிண்ணத்தைப் பார்ப்பாள். வாயில் இருக்கும் வலியைக் கிண்ணம்தான் தந்தது என்று அவளுக்கு நினைப்பு. கிண்ணத்தை மாற்றி, தட்டையான சாஸரில், வேறு இடத்தில் வைத்ததும் மறுபடி வந்தாள்.

இதே காரணத்தால்தான் மருந்தைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள் என்கிறேன். பூனை கண்டுபிடித்துவிடும். அதோடு அந்தச் சாப்பாட்டையே பல நாளுக்குத் தொடாது. மருந்து கொடுக்கும் இடம் வேறு, சாப்பிடும் இடம் வேறு என்று இருக்கட்டும். ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயின் ஓரத்தில் விட்டு, முடிந்தவுடன் இறக்கிவிடுங்கள்.

நுரை கக்குவதைப் பார்த்து எல்லோரும் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது கசப்புக்குப் பூனை காட்டும் எதிர்ப்பு. எச்சில் ஊறி நுரைத்து, சில நிமிடத்தில் அடங்கிவிடும். மருந்து உள்ளே போகவே இல்லை என்று தோன்றினாலும் நீங்களாக இன்னொரு முறை கொடுக்கக் கூடாது. பூனைகளுக்குக் கொடுக்கும் மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்துகளில் பாதுகாப்பான அளவுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. டாக்டரிடம் சொன்னால் வேறு வழி உண்டு. உதாரணமாக ப்யூப்ரநார்ஃபின் என்ற வலி மருந்தைப் பூனை விழுங்கவே வேண்டாம், கன்னத்தின் உள்தோல் வழியாகவே அது ரத்தத்தில் சேர்ந்துவிடும். அது போட்டால் சில பூனைகள் கண்மணி விரிந்து, போதை ஏறியவன் போல அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கும். அதற்கும் பயப்பட வேண்டாம். மாத்திரையாகக் கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரியான மாத்திரைகள் உலர்ந்தபடி உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாக்கிவிடும்.

இனி வருவது உங்களுக்கு மட்டுமல்ல, படிக்கும் எல்லோருக்கும். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாராசிட்டமாலை, பாவம் வலிக்கிறதே என்று கால் துண்டுகூடப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றப் போதுமான நொதி பூனையின் ஈரலில் இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் தன்மையை இழந்து, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கும். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நமக்குப் பல்வலி என்றால் கிராம்புத் தைலம் தடவுகிறோமே, அதுவும் பூனைக்கு விஷம். தையல் போட்ட இடத்தில் மஞ்சள்பொடி அப்புவதும் வேண்டாம். வாயைத் திறந்து பார்க்கவே வேண்டாம். அந்தத் தையல் சில வாரத்தில் தானாகக் கரைந்துவிடும். நாம் திறந்து பார்த்தால் பிரிந்துதான் போகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பால் சாதத்தை அவன் ஒதுக்கியது நல்லதுதான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போனால் இருக்கிற நீர்ச்சத்தும் போய்விடும். இனிப்புச் சுவையும் பூனை நாக்குக்குத் தெரியாது. அதற்கு வேண்டியது மாமிசமும் அதன் வாசனையும்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூக்கும் வாயும் ஒரே மருந்து வாடையாக இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் அதன் வாசனை எட்டாது. பூனையின் உடல் சூடு 38 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. சாப்பாடும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில், கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கடையில் அரைத்த விழுது மாதிரி மென்மையாக வரும் வெட் ஃபுட்டில் வெந்நீர் ஊற்றிக் கூழாகக் குழைத்துக் கொடுக்கலாம். அது பிடிக்காவிட்டால் மத்தியோ கோழி நெஞ்சுக்கறியோ உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் சுத்தமாக எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரோடு மிக்ஸியில் அடித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு ஒரு துளியும் கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மீனும் அதனாலேயே ஆகாது. வெறும் மீனும் கோழியும் இந்தச் சில நாளைக்குத்தான். மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் கால்சியமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் பற்றாமல் போகும்.

அளவு? நாலு கிலோ பூனை சும்மா படுத்திருக்கவே நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். முதல் நாளே அது முழுக்க உள்ளே போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்பூன் வைத்து, பத்து நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். தட்டு அங்கேயே கிடந்து காய்ந்தால் அதன் வாடையே குமட்டும். சிரிஞ்சில் வைத்து ஊட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். புண் வாயில் திணிப்பதும் பூனைக்கு மறக்காது. அதைவிட, டாக்டரே கழுத்து வழியாக உணவுக்குழாயில் டியூப் வைக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பூனைக்கு அதுதான் இதம்.

பல் இல்லாமல் எதை வைத்துச் சாப்பிடும் என்ற மாமியாரின் கேள்வி நியாயமானது. முழு வாயாக இருந்தால் பூனைக்கு 30 பல். ஆனால் அதில் நம் கடைவாய்ப்பல் மாதிரி அரைக்கிற பல் கிடையாது. தாடையும் பக்கவாட்டில் அசையாது. இரையைப் பிடிப்பதும் கொல்வதும் துண்டு போடுவதும்தான் அதன் பல்லுக்கு வேலை. மற்றபடி முள் வைத்த நாக்கால் அள்ளி, பெரும்பாலும் அப்படியே விழுங்குகிறது. தட்டில் சாப்பாடு வருகிற வீட்டுப் பூனைக்குப் பல் இல்லாதது ஒரு குறையே இல்லை. புண் ஆறிய பிறகு பழைய டிரை ஃபுட்டையே கேட்டு அடம்பிடிக்கும் பூனைகள் உண்டு, கறுப்பி அந்த ரகம்.

ஸ்டொமாடைடிஸ் என்பது பல்லில் படியும் அழுக்கைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறிக் கொதிப்பது. பல பூனைகளிடம், பூனைகளைத் தாக்கும் கேலிசி என்ற வைரஸும் கூடவே இருக்கும். பல் இருக்கும்வரை அழுக்கு படியும், அழுக்கு படியும்வரை ஈறு வெந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பல்லையே எடுக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட பூனைகள் இதில் நன்றாகத் தேறுகின்றன. உடனே அல்ல, சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு சிறு பங்குக்கு அதற்குப் பிறகும் மருந்து தேவைப்படும். சோமு எந்தப் பக்கம் என்பது போகப் போகத்தான் தெரியும். விட்டுவைத்த கோரைப்பல் பக்கம் ஈறு சிவந்தே இருந்தால், அதையும் எடுக்கலாமா என்று டாக்டர் பேச்சை எடுப்பார். அப்போது திகைக்காதீர்கள்.

முதல் ஓரிரு நாள் எச்சிலில் லேசான சிவப்பு இருக்கும். சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தாலோ, ஒரு பக்கம் முகம் வீங்கினாலோ, நாற்றம் குறைந்து மறுபடி ஏறினாலோ காத்திருக்க வேண்டாம். புண்ணைப் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட கூம்பைச் சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மணல் தட்டில் மூத்திரம் பட்டு மணல் வழக்கம்போலக் கட்டி கட்டியாகிறதா என்று பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொண்டால் கிராம் கணக்கு தப்பும். குழந்தைகளுக்கான தராசு கிடைத்தால் நல்லது. மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

பீரோவுக்குப் பின்னால் போவதை இனியும் தடுக்காதீர்கள், இழுத்து வெளியே போடாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய புடவையை விரித்து, அந்த அறையிலேயே தண்ணீரும் மணல் தட்டும் வைத்துவிடுங்கள். இந்த வாரம் மருந்து உங்கள் கையால் போகட்டும், மீனை உங்கள் மாமியார் வைக்கட்டும். உங்களைக் கண்டதும் அவன் ஒதுங்குவதும் அவரிடம் போய் உரசுவதுமாகக் கொஞ்ச நாள் நடக்கும். அவருக்கும் அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா