"ஹூக்கு கட்டக் கொடுத்திருக்கேன்!"

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபை அக்காமார் வாராவாரம் ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போகிறார்கள். எனக்குக் கிறிஸ்துமஸ் நெருங்கினால் உபவாச ஜெபத்துக்குக்கூட நேரமில்லை. மெஷினே கதியென்று கிடக்கும் நான் கர்த்தருக்கு என்ன செய்கிறேன்? கடையை மூடிவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா? போன வாரம் ஒரு அம்மா வேறு, "ஞாயித்துக்கிழமை சர்ச்சு, திங்கக்கிழமை பொய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதில்: சகோதரி, முள் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. எந்தப் பொய் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் என்னால் ஊகிக்க முடிகிறது. என் தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தையல் கடை வாசலில் நின்றவள் நான். "ஹூக்கு கட்டக் கொடுத்திருக்கேன், இப்ப வந்துடும்" என்றார் டெய்லர். மேஜைக்கு அடியில், நான் கொடுத்த அதே மஞ்சள் பையில், துணி வெட்டாமலே கிடந்தது.

கடையை மூட வேண்டாம். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் வரும் யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துப் பாருங்கள். அவள் ஒரு பிரசங்கம் செய்ததாகக்கூட அதில் இல்லை. அவள் செத்ததும், பேதுரு வந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டியது அவள் தைத்த துணிகளை. பவுலும் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர்தான். செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் எல்லாருமே குருமார்தான், அவரவர் தொழிலால் அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-லேயே எழுதிவிட்டார். ஊழியத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், நோட்டை எடுங்கள்.

லைனிங் ஜாக்கெட் ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை முடிக்கிறீர்கள்? கரண்ட் போகிற நாளையும் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற நாளையும் கழித்துச் சொல்லுங்கள். நான்கு என்றால், டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் நான்கே கோடு. கோடு நிரம்பினால், வந்து நிற்பது போதகர் வீட்டம்மாவே ஆனாலும், "இனி பொங்கலுக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்பது மத்தேயு 5:37. தையல்காரர்களுக்கென்றே சொன்னது போலத்தான் எனக்குப் படுகிறது! ஆர்டர் நழுவும், வலிக்கும். வேண்டாமென்று அனுப்பிய நான்கு பேரில் இரண்டு பேர் திரும்பி வராமலும் போகலாம். அதையும் தெரிந்தே செய்யுங்கள். தாமதமானால் அவர்கள் வாசலுக்கு வரும் முன் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஹூக்கு கட்டித் தரும் பெண்ணுக்குக் கூலியை அன்றன்றைக்கே கொடுங்கள். பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சொல்லி வேதாகமத்தின் உபாகமத்தில் இருக்கிறது. மிச்சத் துணியை, துணி கொடுத்தவர் கேட்காமலே மடித்து ஜாக்கெட்டோடு வைத்துக் கொடுங்கள்.

"பொய்யா?" என்று கேட்ட அந்த அம்மாவுக்கு இலவசமாக ஒன்று தைத்துக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். "அன்னைக்கு நான் சொன்னது பொய்தாம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.

பொங்கல் துணி முடிந்ததும் அக்காமாரோடு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கும் போய் வாருங்கள், டேப்பையும் எடுத்துக்கொண்டு. கை அசைக்க முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கிற நைட்டி வேண்டியிருக்கும்.